மஞ்சள் விளக்கு சொல்லும் செய்தி

ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூரு செல்லும் இருப்புப்பாதையில் குப்பத்திற்கு அடுத்த நிலையம் குடுபல்லி. சித்தூர் மாவட்டத்தின் மூலையில், தமிழகமும் கருநாடகமும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கும் மேட்டுநிலம் அது. கடைத்தெருவில் ஒரே வாக்கியத்தில் மூன்று மொழிகள் கலந்து வரும்; மார்கழிக் காலையில் போர்வை இன்றி வெளியே வர இயலாது. அந்தக் குளிருக்கும் இக்கட்டுரைக்கும் தொடர்பு உண்டு.

2017ஆம் ஆண்டு வங்கிக் கடனில் வாங்கிய எங்கள் கார், ஏழாண்டுத் தவணை முடிந்த சில மாதங்களில் ஒரு மஞ்சள் விளக்கைக் காட்டத் தொடங்கியது. குதிரை லாடம் போன்ற வடிவம், நடுவே ஓர் ஆச்சரியக்குறி. டயரில் காற்று குறைந்தால் எரியும் விளக்கு என்று அறிந்திருந்தேன். காற்று நிரப்பினேன், அணையவில்லை. மறுவாரமும் நிரப்பினேன், அப்போதும் அணையவில்லை. பிறகு வீட்டுச் சுவரின் பழைய விரிசலைப் போல அதுவும் கண்ணுக்குப் பழகிவிட்டது.

என் மனைவியின் மருத்துவப் பரிசோதனைக்காக மாதம் ஒருமுறை வேலூர் செல்வோம். அப்படிச் சென்ற ஒரு நாளில், பள்ளிகொண்டா சுங்கச்சாவடி வரிசையில் பக்கத்தில் நின்ற லாரி ஓட்டுநர் சன்னலைத் தட்டி, “சார், பின் சக்கரம் பாருங்க” என்றார். இடப்பக்கப் பின் டயர் பாதி சப்பையாகி இருந்தது. ஒரு திருகாணி குத்தி நின்றது. ஆம்பூரைக் கடந்து அந்த டயரோடுதான் நெடுஞ்சாலை வேகத்தில் வந்திருக்கிறோம். எச்சரிக்க வேண்டிய விளக்கு முன்பே எரிந்துகொண்டிருந்ததால், உண்மையான ஆபத்து வந்தபோது புதிதாகச் சொல்ல அதனிடம் ஒன்றும் இருக்கவில்லை.

குப்பத்தில் டயர் கடை வைத்திருக்கும் இளைஞர் ஒருவர்தான் பிறகு விளக்கினார். வண்டியை இயக்கியவுடன் விளக்கு நிலையாக எரிந்தால் காற்று குறைவு. ஏறத்தாழ ஒரு நிமிடம் சிமிட்டிவிட்டு அதன்பின் நிலைத்து எரிந்தால், கருவியிலேயே பழுது. பெரும்பாலான கார்களுக்கு இதுவே வழக்கம். உறுதி செய்துகொள்ள வண்டியோடு வந்த கையேட்டைப் பார்க்கலாம். என் கார் பல மாதங்களாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது. நான்தான் கவனிக்கவில்லை.

இந்த விளக்கு கார்களுக்குள் வந்ததற்குப் பின்னே ஒரு துயரக் கதை இருக்கிறது. 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் பொருத்தப்பட்டிருந்த அந்த டயர்களின் மேற்பட்டை ஓட்டத்தில் பிரிந்து, வண்டிகள் கவிழ்ந்து, 200க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் மடங்கி விரியும். மடங்கி விரிவதால் சூடேறும். சூட்டில் அடுக்குகளின் பிடிப்பு தளரும். அவ்வாண்டு நவம்பரில் அங்கே இயற்றப்பட்ட சட்டம் காற்றழுத்தக் கண்காணிப்புக்கு வழிவகுத்தது. 2007ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் அங்கு விற்கப்படும் புதிய இலகு ரக வண்டிகள் அனைத்திலும் அது கட்டாயம். பரிந்துரைத்த அளவில் 25 விழுக்காடு குறைந்தால் விளக்கு எரிய வேண்டும் என்பது விதி.

நம் நாட்டில் 2020இல் மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டன. டியூப்லெஸ் டயர், பஞ்சர் ஒட்டும் சாதனம், காற்றழுத்தக் கண்காணிப்பு ஆகிய மூன்றும் உள்ள சிறு வண்டிகள் ஸ்டெப்னி இல்லாமலே விற்கப்படலாம். உங்கள் வண்டி அத்தகையது எனில், இந்தச் சென்சாரின் பழுதைத் தள்ளிப்போடுவது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று எண்ணிப் பாருங்கள்.

சென்சார் வாங்கப் புறப்படும் முன் ஒன்றை உறுதி செய்துகொள்ள வேண்டும். எல்லாக் கார்களிலும் சென்சார் இருப்பதில்லை. சில கார்களில் ஏ.பி.எஸ். பிரேக்குக்கான சக்கர வேக உணரிகளே இவ்வேலையையும் செய்கின்றன: காற்று குறைந்த சக்கரத்தின் சுற்றளவு சற்றே சுருங்குவதால் அது மற்றவற்றைவிட விரைந்து சுழலும், கணினி அதைக் கண்டுபிடிக்கும். அத்தகைய வண்டிக்கு வாங்க எதுவும் இல்லை. காற்றைச் சரிசெய்து, பொத்தானை அழுத்தி மீளமைத்தால் போதும். ஒவ்வொரு டயருக்கும் தனித்தனியே அழுத்த எண் காட்டும் கார்களில் பெரும்பாலும் சென்சார் இருக்கும்.

அந்தச் சென்சார் டயருக்குள் வால்வின் அடியில் பொருத்தப்பட்டிருக்கும் சிறு பெட்டி. உள்ளே அழுத்தமானி, வானொலி அலைபரப்பி, ஒரு லித்தியம் பேட்டரி. தூசும் ஈரமும் புகாதபடி முழுவதையும் பிசினால் மூடிவிடுகிறார்கள். ஆகவே பேட்டரியை மட்டும் மாற்ற இயலாது. ஐந்து முதல் பத்தாண்டுகளில் அது தீர்ந்தால் முழுச் சென்சாரையும் மாற்ற வேண்டும். நான்கும் ஒரே நாளில் பிறந்தவை என்பதால், ஒன்று ஓய்ந்தால் மற்றவையும் நெடுநாள் தாங்குவதில்லை.

இங்கேதான் நான் பணத்தை இழந்தேன். அமெரிக்காவில் பணிபுரியும் என் தங்கை மகன், “மாமா, இங்கே விலை குறைவு, வரும்போது நான்கு வாங்கி வருகிறேன்” என்றான். வாங்கியும் வந்தான். கடையில் பொருத்திப் பார்த்தோம். கார் எந்தச் சென்சாரையும் அடையாளம் காணவில்லை. அந்தச் சென்சார்கள் 315 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுபவை. என் கார் 433 மெகாஹெர்ட்ஸில் கேட்பது. அமெரிக்கச் சந்தையின் வண்டிகள் பலவற்றில் முன்னது வழக்கம். ஐரோப்பாவிலும் நம் நாட்டிலும் பின்னது. பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த எண்ணைப் படித்திருந்தால் நான்கு டயர்களையும் இரண்டு முறை கழற்றிய கூலியாவது மிஞ்சியிருக்கும்.

எனவே வாங்கும்போது வண்டியின் மாடல், தயாரிப்பு ஆண்டு, பழைய சென்சாரின் மேலுள்ள உதிரிபாக எண், அலைவரிசை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு செல்லுங்கள். நிறுவனத்தின் அசல் சென்சார் ஒன்று சில ஆயிரம் ரூபாய் வரும். எந்தக் காருக்கும் ஏற்ப நிரல் ஏற்றிக்கொள்ளத்தக்க பொதுச் சென்சார்களும் உண்டு. அவை மலிவு, ஆனால் நிரலேற்றும் கருவி கடைக்காரரிடம் இருக்க வேண்டும். வால்வின் வெளிமூடியாகவே திருகிக்கொள்ளும் சென்சார்களும் கிடைக்கின்றன. அவற்றின் பேட்டரியை நாமே மாற்றலாம் என்பது வசதி. தெருவில் நிறுத்திய வண்டியிலிருந்து எவரும் கழற்றிச் செல்லலாம் என்பது குறை. அவை தம் சொந்தத் திரையோடுதான் பேசும். காரின் மஞ்சள் விளக்கை அணைக்கா.

எனக்கு விருப்பமான யோசனை, டயர் மாற்றும் நாளோடு இதையும் சேர்த்துக்கொள்வது. எப்படியும் டயரைக் கழற்றுகிறார்கள், கூலி ஒருமுறையே. உதிரிபாகங்களுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரே சீராக 18 விழுக்காடு என்றாகிவிட்டது. இதில் 28 விழுக்காடு போட்டுப் பழைய கணக்கில் பில் வந்தால் கேளுங்கள். பில் இன்றி வாங்குவது, உத்தரவாதத்தையும் சேர்த்துக் கைவிடுவதாகும்.

பொருத்தும்போது உடனிருந்து பாருங்கள் என்பேன். டயரை ரிம்மிலிருந்து விடுவிக்கும் இயந்திரக் கை வால்வுக்கு அருகே அழுத்தினால் சென்சார் நொறுங்கிவிடும். தேர்ந்த தொழிலாளி வால்வுக்கு எதிர்ப்புறத்தில் தொடங்குவார். அலுமினியத் தண்டுள்ள வால்வு எனில், பழைய நட்டையும் ரப்பர் வளையத்தையும் மீண்டும் போடக் கூடாது. நட்டைத் தயாரிப்பாளர் சொன்ன இறுக்கத்திற்கு டார்க் ஸ்பேனரால் முடுக்க வேண்டும். கைவலிமை காட்டினால் தண்டு முறியும். உள்ளே இருக்கும் வால்வு ஊசி நிக்கல் பூசியதாக இருக்கட்டும். சாதாரணப் பித்தளை ஊசி அலுமினியத்தோடு சேர்ந்து அரித்து ஒட்டிக்கொள்ளும். பளபளக்கும் உலோக மூடிகளும் அவ்வாறே. பிளாஸ்டிக் மூடி நல்லது. சென்சாரின் எடை சில கிராம்களே ஆயினும் சக்கரத்தைப் பேலன்சிங் செய்துதான் மாட்ட வேண்டும்.

மாட்டியபின் புதிய சென்சார்களைக் காருக்கு அறிமுகப்படுத்த வேண்டும். ஒவ்வொரு சென்சாருக்கும் தனி அடையாள எண் உண்டு. சில கார்கள் கால் மணி நேரம் ஓட்டினால் தாமே கற்றுக்கொள்கின்றன. வேறு சிலவற்றுக்கு ஒரு கருவியால் ஒவ்வொரு சக்கரமாக எழுப்பி, எண்களைக் கணினியில் ஏற்ற வேண்டும். இது முடிந்து விளக்கு அணைந்ததைக் கண்ட பிறகே பணம் கொடுங்கள். பஞ்சர் தடுக்கும் திரவத்தை ஊற்றியிருந்தால் அதையும் கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். அது சென்சாரின் துளையை அடைத்துவிடக்கூடும்.

காப்பீடு பற்றியும் ஒரு சொல். வழக்கமான முழுமைக் காப்பீட்டுப் பாலிசியில், வண்டிக்கு வேறு சேதம் இன்றி டயர் மட்டும் பழுதானால் இழப்பீடு இல்லை. வண்டியும் சேர்ந்து சேதமுற்றால் டயர் விலையில் 50 விழுக்காடு. கூடுதல் கட்டணத்தில் டயர் பாதுகாப்புச் சேர்க்கைகள் உண்டு. அதில் சென்சார் அடங்குமா என்று புதுப்பிக்கும் முன் எழுத்தில் கேட்டுப் பெறுவது நன்று.

இனி மார்கழிக் குளிர். புதுச் சென்சார் மாட்டிய மூன்றாம் வாரமே திரையில் எண்கள் இறங்கிவிட்டன என்று பதறினேன். கடைக்காரர் சிரித்தார். வெயில் நேரத்தில், 35 பாகை வெப்பத்தில் 33 பி.எஸ்.ஐ. நிரப்பிய டயர், விடியற்காலையில் 15 பாகைக்கு இறங்கும்போது காற்று துளியும் கசியாமலே சுமார் 30 காட்டும். ஆகவே காற்று பார்க்க வேண்டியது காலையில், வண்டி ஓடுவதற்கு முன். ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டின் அளவுப்படி. நைட்ரஜன் நிரப்பினால் இந்த வேறுபாடு இராது என்று சிலர் சொல்வர். நாம் மூச்சுவிடும் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். அதற்குத் தனிக்கட்டணம் தருவதற்குப் பதில், நான் ஓர் அழுத்தமானி வாங்கி வண்டியில் வைத்துக்கொண்டேன்.

தங்கை மகன் கொண்டுவந்த நான்கும் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. அடுத்த விடுமுறைக்கு வரும்போது திரும்ப எடுத்துச் செல்வதாகச் சொல்லியிருக்கிறான். அங்கே அவன் ஓட்டும் காருக்கு அவை பொருந்துமாம்.