நைட் ஷிப்டும் சாதிக்காய்ப் பாலும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு முழுக்க உருக்காலைச் சூட்டில் நின்றவர், விடிந்ததும் வீடு வந்து படுக்கிறார். ஜன்னலில் வெயில், பக்கத்து வீட்டில் டிவி, ஜி.என்.டி. சாலையில் லாரி ஹாரன். தூக்கம் எங்கே வரும்? அம்மா சந்தனக்கல்லில் சாதிக்காயை இழைத்துப் பாலில் கலக்கித் தருகிறார். அந்தப் பாலில் தப்பில்லை. 'மூலிகைதானே, என்ன செய்துவிடும்?' என்கிற பேச்சில்தான் தப்பு.

தாமதமாக ஏறும் மயக்கம்

இரண்டு உரசல் சாதிக்காய் சமையல் அளவுதான். அளவு கூடினால் அது நஞ்சு. அதன் வேலை தெரியவே மூன்று முதல் ஆறு மணி நேரம் ஆகலாம். அதற்குள் 'ஒன்றும் கேட்கலையே' என்று இன்னொரு ஸ்பூன் போடுவார்கள். 5 கிராமைத் தாண்டினால் வாய் வறட்சி, படபடப்பு, குமட்டல், மனக்குழப்பம் வரலாம். சிலருக்கு இல்லாத உருவங்களும் தெரியும். ஒரு முழுக்காயின் எடையே ஏறக்குறைய அவ்வளவுதான். அசதி மறுநாள் வரை நீளும்.

சர்ப்பகந்தி கற்றுத் தந்தது

சர்ப்பகந்தி வேர் ரத்தக்கொதிப்பையும் மனக்கொந்தளிப்பையும் அடக்குகிறது என்று 1931-லேயே கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் எழுதினார்கள். 1949-இல் மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் அதை உலகறியச் செய்தார். 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா ஆய்வகம் அதிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தது. நரம்பு முனைகளில் சேர்ந்திருக்கும் செரட்டோனின், டோபமைன், நார்அட்ரினலின் இருப்பை அது காலி செய்துவிடும். கொந்தளிப்பு அடங்கியது, கூடவே சிலருக்கு மனச்சோர்வும் வந்தது. நம்ம ஊர் வேர்தான், பக்கவிளைவும் அதனுடையதே.

அமுக்கரா

2017-இல் ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகத்தார், அமுக்கரா இலையிலுள்ள ஒரு பொருள் எலிகளைத் தூங்கவைப்பதைக் கண்டார்கள். நாம் வாங்குவதோ பெரும்பாலும் கிழங்குப் பொடி. அரிதாகச் சிலருக்குக் கல்லீரல் பாதித்திருக்கிறது. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் கேட்காமல் தொடக்கூடாது.

மெஷின் முன்னால்

தூக்க மாத்திரை, வலிப்பு மாத்திரை, சில சளி மாத்திரைகள், மது: இவற்றோடு மயக்கம் தரும் மூலிகை சேர்ந்தால் மந்தம் இரட்டிக்கும். ரோலிங் மில்லில் கை ஒரு நொடி தாமதித்தாலே போதும். முதலில் அறையை இருட்டாக்குங்கள். ஷிப்ட் முடியும் நேரத்து டீயை விடுங்கள். அப்படியும் தூக்கமில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது அந்தப் பொடி டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.