தூரத்தில் தெரிவது யார்?

வெள்ளவத்தையோ கொட்டாஞ்சேனையோ, எங்கிருந்து கேட்டாலும் உங்களுக்கு ஒரு கேள்வி, நேயர்களே! ஒரே படத்தில் ஒரே கதாநாயகியாக இரண்டு பெரிய நடிகைகள் வந்ததைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

1953இல் ‘எலிபன்ட் வோக்’ படத்துக்காக இலங்கை வந்தார் விவியன் லீ. டார்ஜிலிங்கில் பிறந்து, ‘கோன் வித் த விண்ட்’ படத்தால் உலகப் புகழ் பெற்றவர். தேயிலைத் தோட்டத்துத் துரையின் மனைவியாக நடித்துக்கொண்டிருந்தவர், பாவம், மனநலம் குன்றி விலக நேர்ந்தது. அந்த இடத்துக்கு வந்தவர் எலிசபெத் டெய்லர். ஆனாலும் இங்கே தூரத்திலிருந்து எடுத்த சில காட்சிகளை அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

அந்தப் படம் கிடைத்தால் உற்றுப் பாருங்கள். கிட்டத்தில் தெரிவது டெய்லர். நம் மண்ணில், தூரத்தில் தெரிவது விவியன் லீ!