சைக்கிள் சீற்றை உயர்த்தும் சிறு கவ்வி: ஆக்கவுரிமை கிடைக்குமா?

அன்புவழிபுரத்து ஒழுங்கைகளில் விடியற்காலையில் முதலில் கேட்பது சைக்கிள் மணிச் சத்தம்தான். இடம்பெயர்ந்து வந்து, காணியை இழந்து, கூலி வேலைக்கும் சந்தைக்கும் ஓடித் திரியும் குடும்பங்களுக்குச் சைக்கிள் ஒரு வாகனம் மட்டுமல்ல; அது வண்டில் மாடும்கூட. விறகுக்கட்டும் தேங்காய்ச் சாக்கும் தண்ணீர்க் கானும் அதன் கரியரில்தான் ஏறுகின்றன. 1990களில் பொருளாதாரத் தடையின்போது வடக்கில் பெற்றோலும் பற்றரியும் இல்லாத நாட்களில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் நம் மக்கள். 2022ஆம் ஆண்டு எரிபொருள் நெருக்கடியில், மோட்டார் சைக்கிளை மூலையில் சாத்திவிட்டு முழு நாடுமே பழைய சைக்கிளைத் தூசு தட்டி எடுத்தது.

ஆனால் நம் வீடுகள் பலவற்றில் இருப்பது ஒரே ஒரு சைக்கிள். காலையில் தகப்பன் வேலைக்குக் கொண்டு போவார். அவர் வந்ததும் தாய் சந்தைக்கு எடுப்பார். பின்னேரம் பிள்ளை ரியூஷனுக்குப் போகும். மூவருக்கும் மூன்று உயரம். சீற்றுக்கோ ஒரே உயரம். உயரமான சீற்றில் கால் எட்டாத பிள்ளை பாருக்குள்ளால் காலை விட்டு ஓடும். தாழ்ந்த சீற்றில் பாரம் ஏற்றி மிதிக்கும் பெரியவருக்கு முழங்கால் நோகும். பெடல் அடியில் நிற்கும்போது கால் ஏறக்குறைய நேராக, முழங்கால் சற்றே மடிந்து இருக்க வேண்டும் என்பது பொது விதி. இதற்காக நாளுக்கு மூன்று தடவை சாவி தேடி நட்டைக் கழற்றிப் பூட்ட யாருக்கு நேரம்?

இந்தச் சின்னக் கரைச்சலில் இருந்து ஒரு பெரிய கேள்வி பிறக்கிறது. நம்மவர் ஒருவர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தால், அது அவருடைய சொத்தாகுமா?

கடைக்காரர் ஒருவரின் யோசனை

ஒரு கதையாக வைத்துக் கொள்வோம். நமது கிராமத்தில் சைக்கிள் திருத்தும் ஒருவர் இருக்கிறார். பழைய சைக்கிளில் சீற்றின் தண்டு சட்டத்தின் குழாய்க்குள் இறங்கி நிற்கும். குழாயின் வாயைப் பிளந்து, ஒரு போல்ற்றால் இறுக்கி, அதைப் பிடித்து வைத்திருப்பார்கள். சீற்றுக்கு அடியில் இன்னொரு கவ்வி, பல்லுப் போட்ட வட்டத் தகடுகளோடு, இரு பக்கமும் நட்டுப் போட்டு இறுக்கியிருக்கும். நாள் செல்ல அந்தப் பல்லுகள் தேயும். பாரத்தோடு குழியில் விழும்போது சீற் மூக்கை நிமிர்த்தும் அல்லது கவிழும்.

நம் கடைக்காரர் தண்டில் வரிசையாகத் துளைகள் இடுகிறார். குழாயின் வாயில் ஒரு வளையத்தை ஒட்டி, அதில் சுருள்வில் வைத்த முள் ஒன்றைப் பொருத்துகிறார். முள்ளை இழுத்தால் சீற் ஏறும், இறங்கும். விட்டால் அடுத்த துளையில் விழுந்து பூட்டிக்கொள்ளும். சாவி வேண்டாம். அயலவர் வந்து பார்த்து, "அண்ணை, இதுக்குப் பேற்றன்ற் எடுங்கோ, கோடீஸ்வரனாகலாம்" என்கிறார்கள். இன்னொருவர், வட்டிக்குக் காசு வாங்கியாவது எடுக்கச் சொல்கிறார். மனைவியின் காதில் கிடக்கும் தோட்டின் மீது கண் விழுகிறது.

இந்த இடத்தில்தான் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

சட்டம் கேட்கும் மூன்று கேள்விகள்

இலங்கையில் ஆக்கவுரிமை 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் வழங்கப்படுகிறது. அதற்கு முன் 1979ஆம் ஆண்டின் 52ஆம் இலக்கச் சட்டம் இருந்தது. விண்ணப்பம் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துக்குப் போகும். ஆக்கவுரிமை கிடைத்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு, உரியவரின் சம்மதமின்றி வேறெவரும் அப்பொருளை இந்நாட்டில் செய்து விற்க முடியாது. ஆனால் ஆண்டுக் கட்டணத்தைச் செலுத்தி அதை உயிரோடு வைத்திருக்க வேண்டும்.

பரிசோதகர் மூன்று கேள்விகளைக் கேட்பார். முதலாவது, இது புதியதா? நம் ஊருக்குப் புதியதா என்பதல்ல. உலகில் எங்காவது, எழுத்திலோ, பேச்சிலோ, பாவனையிலோ முன்னரே வெளிவந்திருக்கிறதா என்பதே கேள்வி. இரண்டாவது, அத்துறையில் சாதாரண தேர்ச்சியுள்ள ஒருவருக்கு இது இலகுவில் தோன்றக்கூடியதா? மூன்றாவது, கைத்தொழிலில் செய்யவோ பயன்படுத்தவோ கூடியதா? நமது கவ்வி மூன்றாவது கேள்வியில் தடையின்றிச் சித்தியடையும். சிக்கல் முதல் இரண்டிலும்தான்.

உலக நாடுகள் ஆக்கவுரிமைப் பத்திரங்களை ஒரே ஒழுங்கில் வகைப்படுத்தி வைத்திருக்கின்றன. 1971இல் ஸ்ட்ராஸ்பேர்க் உடன்படிக்கையால் இந்த ஒழுங்கு உறுதியானது. அதில் 'பி 62 ஜே 1/08' என்ற பிரிவு சைக்கிள் சீற்றின் சட்டம், அதன் தண்டு, இரண்டையும் இணைக்கும் பாகம் என்பவற்றுக்கென்றே உள்ளது. சீற்றுத் தண்டைச் சைக்கிள் சட்டத்தில் பொருத்தும் முறைகளுக்கு 'பி 62 கே 19/36' என்று இன்னொரு பிரிவு. இவற்றைத் திறந்து பார்ப்பவருக்கு நம் கடைக்காரரின் யோசனையின் அண்ணன் தம்பிகள் வரிசையாக வந்து நிற்பார்கள். கால் ஏலாதவர் ஊன்றும் தடியிலும் துளை வரிசையும் வில் முள்ளும் உண்டல்லவா? இத்தாலியச் சைக்கிளோட்ட வீரர் துல்லியோ கம்பனியோலோ 1927இல் மலைப்பாதையொன்றில் விறைத்த கையால் சில்லின் நட்டைக் கழற்ற முடியாமல் தவித்தார் என்றும், அதிலிருந்தே நெம்பினால் ஒரே தட்டில் கழலும் பூட்டை உருவாக்கினார் என்றும் சொல்வார்கள். அவ்வகை நெம்பு இன்று உலகெங்கும் சீற்றுத் தண்டையும் இறுக்குகிறது.

பெரியவர்களும் சறுக்கிய இடம்

இதைக் கேட்டு மனந்தளர வேண்டாம். உலகப் புகழ் பெற்றவர்களும் இதே இடத்தில் சறுக்கியிருக்கிறார்கள்.

ஜோன் பொய்ட் டன்லொப் என்னும் மிருக வைத்தியர் பெல்பாஸ்ற் நகரில் தம் மகனின் முச்சக்கர சைக்கிளுக்காகக் காற்றடைத்த ரயர் செய்து, 1888இல் ஆக்கவுரிமை பெற்றார். இரண்டு ஆண்டுகளின் பின் அது செல்லாது என்று தெரிந்தது. காரணம், ஸ்கொட்லாந்துக்காரரான றொபேட் வில்லியம் தொம்சன் 1845இலேயே காற்றடைத்த சில்லுக்கு ஆக்கவுரிமை பெற்றிருந்தார். தொம்சனின் ரயரை உலகம் மறந்து போயிருந்தது, பத்திரம் மறக்கவில்லை. ஆயினும் டன்லொப்பின் பெயரில் எழுந்த கம்பனி மடியவில்லை. ரயரைச் சில்லின் விளிம்பில் பிடித்து வைக்கும் முறைக்குச் சார்ள்ஸ் வெல்ச் என்பவர் 1890இல் பெற்றிருந்த ஆக்கவுரிமை போன்றவற்றை வாங்கி அது நிமிர்ந்தது. 'காற்றடைத்த ரயர்' என்ற பெரிய உரிமை போயிற்று. 'அதைப் பிடித்து வைக்கும் இந்த வழி' என்ற சிறிய உரிமை நின்றது.

இன்னொன்று, நமது கவ்விக்கு நெருங்கிய உறவு. அமெரிக்காவில் ஒரு கம்பனி, ஓட்டுபவரின் கால் நீளத்துக்கு ஏற்ப முன்பின்னாக நகர்த்தக்கூடிய மோட்டார் வாகனப் பெடலோடு ஒரு மின்னுணரியை இணைத்து ஆக்கவுரிமை பெற்றிருந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. நகரும் பெடல் முன்னரே இருந்தது. மின்னுணரியும் முன்னரே இருந்தது. இரண்டையும் சேர்ப்பது சாதாரண தொழிலாளிக்கே தோன்றக்கூடியது என்று 2007 ஏப்ரல் 30ஆம் திகதி நீதியரசர்கள் ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். சாதாரண தொழிலாளியும் சிந்திக்கத் தெரிந்தவர், இயந்திரமல்ல என்பதும் அத்தீர்ப்பின் ஒரு கருத்து. அமெரிக்கத் தீர்ப்பு இங்கே சட்டமாகாது; ஆனால் பரிசோதகர் எப்படி யோசிப்பார் என்பதை அது நன்றாகக் காட்டுகிறது.

அப்படியென்றால் எஞ்சுவது என்ன?

ஆக்கவுரிமை விண்ணப்பத்தின் உயிர், அதன் இறுதியில் வரும் 'உரிமைக் கோரிக்கை'யில் உள்ளது. அது காணி உறுதியில் வரும் நான்கெல்லை போன்றது. "சாவியின்றி உயர்த்தக்கூடிய சைக்கிள் சீற்" என்று எல்லை போட்டால் அயலவன் காணியெல்லாம் உள்ளே வந்துவிடும், பரிசோதகர் மறுத்துவிடுவார்.

நம் கடைக்காரர் தம் கவ்வியைப் பாவித்துப் பார்க்கும்போது குறைகளைக் காண்கிறார் என்று வைத்துக் கொள்வோம். துளையிட்ட தண்டு பலங்குறைகிறது. துளைக்கும் முள்ளுக்கும் இடையிலுள்ள இடைவெளியால் சீற் ஆடுகிறது. கடற்கரை மணல் புகுந்து வில் இறுகுகிறது. எனவே துளைகளை விட்டு, தண்டின் பின்புறத்தில் சாய்வான பள்ளங்கள் வெட்டுகிறார். பாரம் ஏற ஏற முள் பள்ளத்துக்குள் இன்னும் அழுந்தும்படி செய்கிறார். மணல் தானாக விழ அடியில் ஒரு வழி விடுகிறார். இப்போது அவருடைய எல்லை சிறியது: குறிப்பிட்ட பிரச்சினைக்கு, குறிப்பிட்ட அமைப்பு. இதுவும் எங்காவது இருக்கலாம். தேடித்தான் பார்க்க வேண்டும். ஆனால் உரிமை கிடைக்குமென்றால் இப்படியான சிறு நிலத்தில்தான் கிடைக்கும்.

கவ்வியின் தோற்றம் மட்டும் புதியதென்றால் கைத்தொழில் வடிவமைப்பாகப் பதியலாம். அது 5 ஆண்டுகளுக்கு நிற்கும். மேலும் இரு தடவை, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். ஆனால் அது தோற்றத்தைக் காக்குமே தவிர வேலை செய்யும் முறையைக் காக்காது.

எழுதி வைத்த அறிவின் பலம்

இச்சட்டம் பணக்காரருக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். 1995இல் அமெரிக்காவில் மஞ்சள் தூளால் காயம் ஆற்றும் முறைக்கு ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. நம் அம்மம்மாமார் சிரிக்கக்கூடிய செய்தி! இந்திய அறிவியல் தொழில்துறை ஆய்வு மன்றம் அதை எதிர்த்து, பழைய நூல்களையும் 1953இல் வெளியான மருத்துவக் கட்டுரையையும் காட்டியது. 1997இல் அந்த உரிமை இரத்தானது. மஞ்சளைக் காப்பாற்றியது எழுத்து. நமது விதை, உழவு, மருந்து அறிவும் ஊர் விட்டு ஊர் ஓடும்போது முதியவர்களோடு மறைந்து போகிறது. அதைத் திகதியிட்டு எழுதி வெளியிட்டு வைத்தால், பின்னர் எவரும் வந்து "இது என் கண்டுபிடிப்பு" என்று சொல்வது கடினம்.

உரிமை பெற்றவர் அதை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதற்குக் கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் நல்ல எடுத்துக்காட்டு. மலிவான மாதவிடாய் அணையாடை செய்யும் இயந்திரத்தை உருவாக்கி ஆக்கவுரிமையும் பெற்ற அவர், அதைப் பெரிய கம்பனிகளுக்கு விற்காமல் கிராமப் பெண்கள் குழுக்களுக்குக் கொடுத்தார். உரிமை கையில் இருந்ததால்தான் யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் பலமும் அவர் கையில் இருந்தது.

நாம் செய்யக்கூடியவை

எமது ஆலோசனைகள் இவை:

1. கண்டுபிடிப்பை ஒரு கொப்பியில் படத்தோடும் திகதியோடும் எழுதி வையுங்கள். எந்தப் பிரச்சினைக்காகச் செய்தீர்கள், எது சரிவரவில்லை என்பதையும் எழுதுங்கள்.

2. விண்ணப்பிக்கும் எண்ணமிருந்தால் கண்காட்சியிலோ முகநூலிலோ அவசரப்பட்டுக் காட்டாதீர்கள். நீங்களே வெளியிட்டதை எமது சட்டம் ஓராண்டுவரை மன்னிக்கும். எல்லா நாடுகளும் அப்படி மன்னிப்பதில்லை.

3. முதலில் தேடிப் பாருங்கள். உலகப் புலமைச் சொத்து நிறுவனத்தின் 'பேற்றன்ற்ஸ்கோப்' என்னும் தேடுதளம் இலவசம். தொலைபேசி பாவிக்கத் தெரிந்த பிள்ளையோடு இருந்து, மேலே சொன்ன பிரிவு இலக்கங்களைக் கொடுத்துத் தேடுங்கள். படங்களைப் பார்த்தாலே பாதி விளங்கும்.

4. கடன் வாங்கி, நகை அடகு வைத்து ஆக்கவுரிமை எடுக்காதீர்கள். அது வருமானத்துக்கான உத்தரவாதம் அல்ல. பிறரைத் தடுக்கும் உரிமை மட்டுமே. இலங்கையில் பெற்ற உரிமை இலங்கைக்கு மட்டும் செல்லும். 1979ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் கீழ் அமைந்த இலங்கைப் புத்தாக்குநர் ஆணைக்குழுவிடம் முதலில் ஆலோசனை கேளுங்கள்.

5. காலம் முடிந்த ஆக்கவுரிமைகள் எல்லோருக்கும் சொந்தம். அந்தப் பத்திரங்களில் அளவோடும் படத்தோடும் கிடக்கும் நீரிறைக்கும் கருவியையும் களை எடுக்கும் கருவியையும் நாம் தாராளமாகச் செய்யலாம். காணி இழந்தவருக்கு இது வேலியில்லாத ஒரு காணி.

6. எந்தக் கவ்வியைப் பூட்டினாலும் சீற்றுத் தண்டில் பொறித்த எல்லைக்கோட்டுக்கு மேலே இழுக்காதீர்கள். பிள்ளையின் உயிர் எந்த உரிமையிலும் பெரியது.

நம் கதையின் கடைக்காரருக்கு வருவோம். அவர் தோட்டை அடகு வைக்கவில்லை. கொப்பியில் எழுதினார், தேடினார், துளையும் முள்ளும் பழையவை என்று கண்டார். அவை பழையவை என்பதாலேயே எவரும் அவரைத் தடுக்க முடியாது என்பதையும் கண்டார். ஆகவே துளைபோட்ட கவ்வியை இன்றே செய்து விற்கலாம். சாய்ந்த பள்ளத்தை மட்டும் ஆளுக்காள் காட்டாமல் வைத்திருந்து, ஆலோசனை கேட்டு, தகுந்தால் விண்ணப்பிக்கலாம்.

பரிசோதகரின் "இல்லை" என்ற ஒரு சொல்லால் தொழில் முடிந்துவிடாது. தகப்பன் இறங்க, தாய் ஏற, பிள்ளை ஏற, ஒரு முள்ளை இழுத்து விட்டால் போதும் என்றால், அந்தக் கவ்வி தன் வேலையைச் செய்துவிட்டது. உங்கள் வீட்டுக் கோடிப்புறத்திலும் இப்படி ஏதாவது ஒரு கருவி கிடக்கக்கூடும். அதை எடுத்து, துடைத்து, இன்றைக்கே கொப்பியில் எழுதி வையுங்கள்.