உங்களுக்குத் தெரியுமா? புடவை மூட்டையோடு வந்த பத்திரிகையாளர்

இலங்கை மலையகத்தில், தோட்ட நிர்வாகியான துரையின் அனுமதியின்றி வெளியாள் தேயிலைத் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் குற்றம். வலப்பனையானாலும் ஹட்டனானாலும் வெள்ளையர் காலத்தில் இதுதான் நிலை. பின் தொழிலாளர் குடியிருப்பான லயத்துச் செய்தி வெளியே வருவது எப்படி?

தஞ்சாவூர்க்காரரான கோ. நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடம் போட்டார். மூட்டையோடு லயம் லயமாய் ஏறி இறங்கி, சம்பளம், கடன், வேலை மேற்பார்க்கும் கங்காணியின் கெடுபிடி எல்லாவற்றையும் கேட்டறிந்தார். (புடவை எத்தனை விற்றதோ!) கொழும்பில் ‘தேசநேசன்’, 1924 முதல் ‘தேசபக்தன்’ என்று பத்திரிகை நடத்தித் தொழிலாளர் துயரை எழுதினார். எழுத்தறியாதவர்களுக்காக, மனைவி மீனாட்சியம்மாள் அதே துயரைப் பாட்டாகக் கட்டி, தோட்ட மக்கள் முன் தாமே பாடினார்.

1936இல் ஹட்டன் தொகுதி நடேசய்யரை அன்றைய சட்டசபையான அரசாங்க சபைக்கு அனுப்பியது.