‘மோர் பெட்டர்’: ஒப்பீடு, தேர்வு, அதிகாரம்

எட்டாம் வகுப்பில் ‘மோர் பெட்டர்’ என்று எழுதியதற்காக ஒரு பீரியட் முழுக்க பெஞ்சு மேல் நின்றிருக்கிறேன். “பெட்டர்னாலே ஒரு படி மேலன்னு அர்த்தம். அதுக்கு மேல மோர் எதுக்குடா?” என்றார் வாத்தியார். வகுப்பு சிரித்தது. ‘இன்னும் நல்லது’ என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துத்தான் நான் எழுதியிருந்தேன். தமிழில் ‘நல்லது’ உருமாறுவதில்லை. ‘அதைவிட’, ‘இன்னும்’ என்று வெளியே நிற்கும் சொற்களே ஒப்பீட்டைச் சுமக்கின்றன. ஆங்கிலத்தின் முன் கூசி நிற்பது நம்மில் பலருக்கு இப்படித்தான் தொடங்கியது. எனவே அந்த விதியைக் கொஞ்சம் நோண்டிப் பார்ப்பது அவசியமாகிறது.

ஆங்கிலப் பெயரடையை ஒப்பீட்டு நிலைக்குக் கொண்டுபோக இரண்டு வழிகள் உண்டு. சொல்லின் கடைசியில் ‘அர்’ விகுதியை ஒட்டலாம்: ஸ்மால், ஸ்மாலர். அல்லது முன்னால் ‘மோர்’ போடலாம்: மோர் பியூட்டிஃபுல். ஓரசைச் சொல் என்றால் விகுதி, மூன்றசைக்கு மேல் என்றால் ‘மோர்’ என்று பாடப்புத்தகம் சொல்லும்.

பிரச்சினை என்னன்னா, பேசுகிறவர்கள் அசையை எண்ணிக்கொண்டு பேசுவதில்லை. ‘ராங்’, ‘ரியல்’, ‘போர்ட்’ போன்ற சின்னச் சொற்கள் ‘மோர்’ பக்கம் போகின்றன. மூன்றசை இருந்தும் ‘அன்ஹேப்பி’ விகுதியை ஏற்கிறது. இரண்டசைச் சொற்களோ இழுபறியான பிரதேசம். ‘இ’ ஒலியில் முடியும் ‘ஹேப்பி’ பெரும்பாலும் விகுதி வாங்கும். ‘ஃபுல்’, ‘லெஸ்’, ‘அஸ்’ என்று முடிபவை ‘மோர்’ வாங்கும். ‘பொலைட்’, ‘காமன்’, ‘ஸ்டூப்பிட்’, ‘க்ளெவர்’ எல்லாம் இரண்டையும் வாங்கும். ஒரே ஆள் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் சொல்லலாம்.

அப்படியானால் தேர்வு எப்படி நடக்கிறது? ஜெர்மானிய மொழியியலாளர் பிரிட்டா மோண்டார்ஃப் எழுதிவந்த ஆய்வுகள் இதற்கு ஒரு பதிலைத் தருகின்றன. வாக்கியம் சிக்கலாகும் இடத்தில் பேசுபவர் ‘மோர்’ பக்கம் சாய்கிறார். ‘ப்ரௌட்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ‘இன்னதைப் பற்றி’ என்ற தொடரும் வரப்போகிறது என்றால், ‘ப்ரௌடர்’ என்பதைவிட ‘மோர் ப்ரௌட்’ வரும் வாய்ப்பு கூடுகிறது. ‘மோர்’ என்பது முன்கூட்டியே அடிக்கும் மணி மாதிரி. ஒப்பீடு வருகிறது, தயாராயிரு என்று கேட்பவருக்குச் சொல்லிவிடுகிறது. சுமை இல்லாத இடத்தில், அடுத்த சொல்லே ‘தேன்’ என்று இருக்கும்போது, விகுதி சுலபமாக வந்து ஒட்டிக்கொள்கிறது.

இன்னொன்று. ஒரே ஆளின் இரண்டு குணங்களை உரசிப் பார்க்கும்போது விகுதி உதவாது. ‘முட்டாள்னு சொல்றதைவிட சோம்பேறின்னு சொல்லலாம்’ என்பதற்கு ‘மோர் லேசி தேன் ஸ்டூப்பிட்’ என்றுதான் வரும், ‘லேசியர்’ வராது. இங்கே அசை எண்ணிக்கைக்கு வேலையே இல்லை. அர்த்தம் தேர்கிறது.

ஆக இது ஒழுங்கின்மை அல்ல. ஒலி, நீளம், புழக்கம், வாக்கியச் சுமை, அர்த்தம் எல்லாம் ஒரே கணத்தில் இழுக்க, பேசுபவர் தன்னையறியாமல் முடிவெடுக்கிறார். பாடப்புத்தக விதி இந்த ஒழுங்கின் தட்டையான நிழல் மட்டுமே.

சரி, ‘மோர் பெட்டர்’? பழைய ஆங்கிலத்தில் ஒப்பீடு பெரும்பாலும் விகுதியால்தான் நடந்தது. ‘மோர்’ பிற்பாடு பரவியது. இரண்டும் போட்டியிட்ட நூற்றாண்டுகளில் இரண்டையும் சேர்த்துப் போடும் இரட்டை ஒப்பீடும் புழங்கியது. எப்போதும் சிறுபான்மை வடிவம்தான். அதைப் பெரிதாக்கிக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் யார் வாயில் புழங்கியது என்று பாருங்கள். 1611இல் மேடையேறிய ஷேக்ஸ்பியரின் ‘டெம்பெஸ்ட்’ நாடகத்தில், முதல் அங்கத்திலேயே ‘மோர் பெட்டர்’ என்கிறார் புராஸ்பெரோ. தீவைப் பிடித்துக்கொண்டவர், கலிபனுக்கு மொழி புகட்டிய வீட்டின் எஜமானர். அவரை யாரும் பெஞ்சு மேல் ஏற்றவில்லை.

அது குற்றமாக அறிவிக்கப்பட்டது 18ஆம் நூற்றாண்டில். 1755இல் வந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி ‘லெஸ்ஸர்’ என்ற சொல்லையே பாமரர் உண்டாக்கிய காட்டுமிராண்டிச் சிதைவு என்றது; ‘லெஸ்’ ஏற்கெனவே ஒப்பீடு, அதன்மேல் இன்னொரு விகுதி எதற்கு என்ற நியாயம். 1762இல் ராபர்ட் லோத் தன் இலக்கண நூலில் இரட்டை ஒப்பீட்டை முறையற்றது என்றார். பின்னாளில் லண்டன் பிஷப் ஆனவர் அவர். சங்கீதங்களின் பழைய மொழிபெயர்ப்பில் கடவுளைக் குறித்து வரும் இரட்டை உச்சநிலையை மட்டும் அவர் குறை சொல்லவில்லை. உயர்ந்தவற்றுக்கெல்லாம் உயர்ந்தவருக்கு அது பொருந்துகிறதாம். ‘வொர்ஸர்’ ‘லெஸ்ஸரை’விடக் கொடூரமாக ஒலிப்பது, அது குறைவாகப் புழங்குவதால்தான் என்றும் அவரே ஒப்புக்கொள்கிறார். விதியின் அஸ்திவாரத்தை விதித்தவரே காட்டிக்கொடுத்த இடம் இது.

‘வொர்ஸர்’ ஒழுங்கான ஆங்கிலத்திலிருந்து வெளியேறியது. ‘லெஸ்ஸர்’ கௌரவமாகத் தங்கிவிட்டது. தேர்தல் வரும்போதெல்லாம் நாமே ‘லெஸ்ஸர் ஈவில்’ என்று சண்டை போட்டுக்கொள்கிறோம். நம் நாக்கிலிருப்பது ஒரு இரட்டை ஒப்பீடு. அதற்காக யாரும் நம்மைப் பார்த்துச் சிரிப்பதில்லை.

மொழிக்கு ஒழுங்கே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. பேசுபவர்களுக்குள் செயல்படும் ஒழுங்கு வேறு, மேலிருந்து இறக்கப்படும் ஒழுங்கு வேறு. முன்னது நுட்பமானது, பேர் தெரியாத பல்லாயிரம் பேர் சேர்ந்து உண்டாக்கியது. பின்னது ஆள் பார்த்து விலக்கு தருகிறது. ‘கொச்சை’, ‘பிழை’ என்று தமிழில் நாம் ஒருவர் எழுத்தை ஒருவர் தள்ளிவைக்கும்போதும் எந்த ஒழுங்கின் பேரால் தள்ளுகிறோம் என்று கேட்டுக்கொள்ளலாம்.

போன வருஷம் என் மகள் நோட்டில் அதே ‘மோர் பெட்டர்’. பரீட்சையில் மார்க் போகும், ஒண்ணு போதும் என்று அடித்துத் திருத்தினேன். “ஏம்ப்பா தப்பு?” என்றாள். புராஸ்பெரோவிலிருந்து ஆரம்பித்தேன்.