பள்ளிச் சிறார் உடற் பருமனும் குடும்ப வருமானமும்

பள்ளிச் சிறார் உடற் பருமன் என்பது பள்ளி செல்லும் வயதினரின் உடலில் நலத்திற்குக் கேடு விளைவிக்கும் அளவுக்குக் கொழுப்புச் சேர்ந்திருக்கும் நிலை ஆகும். இது குடும்ப வருமானத்துடனும் உணவுப் பழக்கத்துடனும் தொடர்புடையது. எனினும் அத்தொடர்பு எல்லா நாடுகளிலும் ஒரே திசையில் அமைவதில்லை.

கணிக்கும் முறை

கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறுவது உடல் திணிவுச் சுட்டெண். பெரியவர்களைப் போலச் சிறாருக்கு ஒரே எல்லை எண் கிடையாது. எடுத்துக்காட்டாக, 1.40 மீட்டர் உயரமும் 40 கிலோ எடையும் உள்ள சிறுவனின் சுட்டெண் ஏறத்தாழ 20.4. உலக சுகாதார அமைப்பின் 2007ஆம் ஆண்டு வளர்ச்சி அட்டவணைப்படி இது 10 வயதில் மிகை எடை. 14 வயதில் இயல்பானது. வயதைக் கேளாமல் "குண்டுப் பிள்ளை" என்று கூறுவது இதனாலேயே பொருளற்றதாகிறது.

வருமானத்தின் பங்கு

அமெரிக்காவில் வறிய குடும்பச் சிறாரிடையே பருமன் மிகுதி. சீனாவிலும் உருசியாவிலும் வசதியுள்ள குடும்பங்களிலேயே அது மிகுதி என 2001இல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வு காட்டியது. சென்னைப் பள்ளிகளில் 13 முதல் 18 வயதினரிடம் நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஆய்வும் இரண்டாம் வகையையே சார்ந்தது. அதில் மாணவர்களில் 17.8 விழுக்காட்டினரும் மாணவிகளில் 15.8 விழுக்காட்டினரும் மிகை எடை உடையோராக இருந்தனர். உயர் வருவாய்ப் பிரிவிலும், உடலுழைப்புக் குறைந்தோரிடமும் இது கூடுதலாக இருந்தது.

கடலூர், சிதம்பரம் பகுதி

கடலூர் மாவட்டத்தில் மீனவ ஊர்களும், கொள்ளிடக் கரை வயல்களும், நெய்வேலி நிலக்கரி நிறுவனக் குடியிருப்பும், சிதம்பரத்தை ஒட்டி 1929இல் தொடங்கப்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் உள்ளன. கூலி வருவாயும் மாதச் சம்பளமும் அருகருகே காணப்படுகின்ற இத்தகைய இடங்களில் சிறாரின் உணவும் இருவகையாகப் பிரிகிறது. அரசுப் பள்ளியில் மதிய உணவு உண்டு. 1956இல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய இத்திட்டம் 1982இல் எம். ஜி. ஆர் ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கப்பட்டது. 2022 செப்டம்பரில் தொடக்க வகுப்பினருக்குக் காலை உணவுத் திட்டமும் தொடங்கப்பட்டது. கட்டணப் பள்ளி மாணவர் வீட்டு உணவையோ கைச்செலவுப் பணத்தையோ நம்பியுள்ளனர். வேனில் பயணம், மாலையில் தனிப்பயிற்சி என்று நாள் கழிவதால் விளையாட்டு நேரமும் குறைகிறது.

இப்பிரிவு நிலையானதன்று. ஐந்து ரூபாய்க்குக் கிடைக்கும் வறுவல் பொட்டலமும் பிசுக்கட்டும் கூலிக் குடும்பத்துக்கும் எட்டுபவை. அதே பணத்தில் போதிய பழம் வாங்குதல் அரிது. பலாவுக்குப் பெயர் பெற்ற பண்ருட்டி இதே மாவட்டத்தில் இருந்தும் பருவம் கடந்தால் இதுவே நிலை. எனவே பருமனை வசதியானோரின் நோயாக மட்டும் கருதுதல் இனிப் பொருந்தாது.

சட்டமும் நடைமுறையும்

கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவுகளைப் பள்ளி வளாகத்திலும் அதன் வாயிலிலிருந்து 50 மீட்டர் தொலைவுக்குள்ளும் விற்பதை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் தடை செய்கின்றன. 51ஆவது மீட்டரில் உள்ள பெட்டிக்கடையை இவ்விதி தொடுவதில்லை.

மறுபுறம், 2016–18 தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் 10 முதல் 19 வயதுடைய இந்தியரில் சுமார் 5 விழுக்காட்டினர் மிகை எடையுடனும், 24 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற சதைப்பற்று இன்றி மெலிந்தும் காணப்பட்டனர். ஆகவே, உணவைக் குறைக்கும்படி எல்லாச் சிறாருக்கும் பொதுவாக அறிவுறுத்தினால் மெலிந்த பிள்ளைகளே முதலில் பாதிக்கப்படுவர்.