காசு வந்தாத்தான் சாவி

கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் காசை எண்ணி வாங்காமல் நம்ம ஆளுங்க மாட்டைப் பிடிச்சுக் குடுக்க மாட்டாங்க. பழைய டிராக்டரையோ மொபெட்டையோ செல்போனில் விளம்பரம் போட்டு விற்கும்போது மட்டும் அந்த உஷார் தளர்ந்துபோவதைத் திருப்பூர், பல்லடம் பக்கம் பார்க்கிறேன்.

"ராணுவத்தில் இருக்கேன், நேரில் வர முடியாது, முன்பணம் அனுப்பறேன்" என்பார் ஒருவர். கூடவே ஒரு கியூஆர் படம் வரும். "ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, பணம் ஏறிடும்" என்பார். போட்டால் நம்ம கணக்கிலிருந்துதான் பணம் போகும். யூபிஐயில் பணம் வாங்க பின் நம்பரே தேவையில்லைங்க.

பணம் அனுப்பியதாகக் காட்டும் படத்தை, குறுஞ்செய்தியை நம்பாதீங்க. கணக்கில் இருப்பைப் பாருங்க. காசோலை என்றால் பாஸாகும்வரை வண்டி நம்ம களத்திலேயே நிற்கட்டும். பெரிய தொகை என்றால் வாங்குபவரோடு வங்கிக்கே போயிருங்க.

படிவம் 29, 30-ஐ நிரப்பாமல் வெறுமனே கையெழுத்துப் போட்டுத் தராதீங்க. விற்றதை 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்கணும். பேர் மாற்றாத வண்டி விபத்தில் சிக்கினால், பதிவில் பேர் இருப்பவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு.

யாராவது ஏமாந்துட்டா, கூச்சப்படாமல் உடனே 1930-க்குக் கூப்பிடச் சொல்லுங்க. சீக்கிரம் சொன்னால் பணத்தை நடுவழியில் முடக்க வாய்ப்பு உண்டுங்க.